கருஞ்சிவப்புப் படலமா, பழுப்புச் சளியா?

சேலத்தில் நாமே உப்பைக் கலந்துதான் கடல்நீர் தயாரிக்கிறோம். அப்படிப் பாடுபட்டு வளர்க்கும் பவளத் தொட்டியில் மணல்மேல் வழவழவென்று ஏதாவது படர்ந்தால் மனசு பதறத்தான் செய்யும். மருந்து தேடும் முன், வந்திருப்பது சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியாவா, டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிரியா என்று பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய நேரெதிர்.

சயனோபாக்டீரியா பெரும்பாலும் கருஞ்சிவப்புப் போர்வை போலப் படியும், குழாயால் உறிஞ்சினால் தோலாக உரிந்து வரும். டைனோஃபிளாஜெல்லேட் பழுப்புச் சளி. நூல்நூலாகத் தொங்கும், நத்தைகள்கூடச் சாகலாம். குமிழ் இரண்டிலும் வரும், அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கொஞ்சம் சளியைத் தொட்டிநீரோடு பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, காபி பில்டர் தாளில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் அநேகமாக டைனோதான். மைக்ரோஸ்கோப் கிடைத்தால் சந்தேகமே தீர்ந்துவிடும்: சயனோ நீளச் சரம், டைனோ தனித்தனி செல்.

சயனோவுக்கு உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். மாற்றும் நீர் ஆர்ஓ நீராக இருக்கட்டும். போர் தண்ணீர் வேண்டாம்.

டைனோ அப்படியல்ல. தீனியாலும் கழிவாலும் நீரில் சேரும் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில்தான் அது அதிகம் தலைதூக்கும். அங்கே தீனியைக் குறைப்பதும் அடிக்கடி நீர் மாற்றுவதும் அதற்கே சாதகம். தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். இரவில் நீரில் மிதக்கும் வகைக்கு யூவி விளக்கு நன்றாக உதவும். மணலிலேயே கிடக்கும் வகைக்கு அவ்வளவாக உதவாது. அப்புறம், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சயனோவைத்தான் கொல்லும். டைனோ தொட்டியில் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள்.