புது மீன் விட்ட பதினைந்து நாள்களும் ஏபிஐ டெஸ்ட் கிட்டும்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பத்து மோலி மீன்களை வாங்கிவந்து, ஏற்கெனவே ஆறு மோலிகள் இருந்த நூறு லிட்டர் தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் காலையில் பழையவை, புதியவை என்ற வேறுபாடின்றி எல்லா மீன்களும் நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. தண்ணீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. வாங்கி அலமாரியில் வைத்திருந்த, தொட்டி நீரைச் சோதிக்கும் ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்டை அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகப் பயன்படுத்தினேன்.

இந்தப் பெட்டியில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மை), உயர் அளவு பிஎச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்து சோதனைகளுக்கான மருந்துப் புட்டிகளும், கண்ணாடிக் குழாய்களும், நிற அட்டையும் இருக்கின்றன. அம்மோனியா சோதனைக்குக் குழாயில் 5 மில்லி தொட்டி நீரை எடுத்து, முதல் புட்டியிலிருந்து 8 சொட்டும் இரண்டாம் புட்டியிலிருந்து 8 சொட்டும் விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. என் குழாய் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கட்டத்தின் பச்சைக்கு வந்து நின்றது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரின் பிஎச் 8 என்பதால் அந்த ஒன்றே அச்சப்படப் போதுமானது. பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் பிஎச் 8-இல் அது நூற்றில் ஆறு, ஏழு பங்காகிவிடும். பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை மட்டுமே என்பதால், பிஎச் எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். சாதாரண பிஎச் சோதனை 7.6-க்கு மேல் காட்டாது. போர் தண்ணீர் வீடுகளுக்கு உயர் அளவு பிஎச் புட்டியே உண்மையைச் சொல்லும்.

குற்றம் மீன்களுடையதன்று. மீன் விட்ட அதே நாளில், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, ஃபில்டரின் ஸ்பாஞ்சைச் சமையலறையின் மெட்ரோ தண்ணீர்க் குழாயில் பிழிந்து பிழிந்து கழுவியிருந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருந்தன. குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின் அவற்றில் பெரும்பகுதியைத் தீர்த்துக்கட்டிய வேளையில் கழிவு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. தொட்டி நீரிலேயே அலசியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். காற்று மோட்டாரின் வேகத்தைக் கூட்டினேன். அம்மோனியா இறங்கத் தொடங்கிய எட்டாம் நாள், மீனுக்கு அதுவும் நச்சான நைட்ரைட் ஏறி, அதன் குழாயின் வெளிர்நீலம் ஊதாவாக மாறியது. இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்ததால் கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன்; உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் இரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். மோலிகள் உப்பைத் தாங்கும். எல்லா மீன்களுக்கும் இது பொருந்தாது. பதினைந்தாம் நாளில் அம்மோனியா மஞ்சளுக்கும் நைட்ரைட் வெளிர்நீலத்துக்கும் திரும்பின. மீன் எதுவும் சாகவில்லை.

நைட்ரேட் சோதனையில்தான் பொறுமை தேவை. அதன் இரண்டாம் புட்டியை முப்பது வினாடி பலமாகக் குலுக்காவிட்டால், அடியில் தங்கும் மருந்து சொட்டோடு வராது. நைட்ரேட் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். நிறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பதே நல்லது. மஞ்சள் பல்பின் கீழ் ஒருநாள் இரவு அம்மோனியா குழாயை நான் பார்த்தபோது, இல்லாத பச்சையைக் கண்டு வீணாகத் தண்ணீர் மாற்றினேன்.

தண்ணீரின் கடினத்தன்மையை இந்தப் பெட்டி அளக்காது. அதற்குத் தனியாக வாங்க வேண்டும். நீரில் நனைத்து நிறம் பார்க்கும் தாள் பட்டைகள் மலிவானவை, வேலையும் எளிது. ஆனால் அவற்றில் பலவற்றில் அம்மோனியாவுக்கான கட்டமே கிடையாது, புது மீன் விட்டவருக்கோ முதலில் வேண்டியது அதுதான். ஏறத்தாழ 800 சோதனைகளுக்கு மருந்து இருப்பதாக உறையில் போட்டிருக்கிறார்கள். ஒற்றைத் தொட்டி வைத்திருப்பவர் அவ்வளவையும் மருந்து காலாவதியாகும் முன் தீர்ப்பது கடினம் என்பதால், நானும் மாடி வீட்டு நண்பரும் இப்போது ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்கிறோம். மருந்து பழையதாகிவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. புட்டியின் லாட் எண்ணில் (தயாரிப்புத் தொகுதி எண்) கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிப்பவை. அதைப் பார்க்காமல் கடையில் பணம் கொடுக்க வேண்டாம்.