வீட்டிலேயே வாரயிறுதி: தூக்கமா, எண்ணெய்க் குளியலா, படமா, கேரமா?

ஆபீஸில் டெட்லைன், பிள்ளைகளுக்குப் பரீட்சை, நடுவில் ஒரு நாள் மாமியாருக்கு டாக்டர் என்று ஓடிய வாரம் முடிந்து வெள்ளி இரவு வந்தால், வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: இந்த ரெண்டு நாளும் எங்கேயும் போக வேண்டாம். நல்ல முடிவுதான். ஆனால் ஞாயிறு மாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் பல வீடுகளில் உண்டு. பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்தான். 2024-க்கான மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்பவர்களில், பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதனால் எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: அடுப்படியில் நிற்பவருக்கும் சேர்த்து அது ஓய்வா?

அடித்துப்போட்ட தூக்கமா, வழக்கமான நேரமா?

வாரக் கடனைச் சனிக்கிழமை பதினோரு மணி வரை தூங்கித் தீர்க்கலாம் என்று தோன்றும். உடம்பு கேட்கும்போது தூங்குவதில் தப்பில்லை. பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரத்துக்குக் குறையாமல், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. சிக்கல் ஞாயிறு இரவில் வரும். இரண்டு நாளும் மூன்று மணி நேரம் தள்ளி எழுந்தால் உடம்பின் கடிகாரமும் தள்ளிப்போய்விடும். பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது, திங்கள் காலை அலாரம் மட்டும் பழைய நேரத்துக்கே அடிக்கும். தூக்க ஆய்வாளர்கள் இதை சோஷியல் ஜெட்லாக் என்கிறார்கள். வெளிநாடு போய்த் திரும்பிய களைப்பு, வீட்டை விட்டு நகராமலே!

வெள்ளி இரவு சீக்கிரம் படுத்து, சனி காலை ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாகத் தூங்கி, மதியம் அரை மணி நேரம் கண்ணை மூடுவது இதைவிட மேல். அந்த மதியத் தூக்கம் முதலில் சமைத்தவருக்கு. மற்றவர்கள் அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கலாம்.

எண்ணெய்க் குளியலா, ஷவரும் சோஃபாவுமா?

இதில் நான் முழுக்க எண்ணெய்க் குளியல் கட்சி. ஷவரில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், சந்தேகமில்லை. நல்லெண்ணெயை ரெண்டு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு லேசாகச் சூடாக்கி, உச்சந்தலையில் வைத்து, காதுக்குப் பின்னால், பிடரி, உள்ளங்கால் என்று ஒருவர் இன்னொருவருக்குத் தேய்த்துவிடும்போது நடப்பது வேறு. கையெல்லாம் எண்ணெய்; ஆபீஸ் குரூப்பில் என்ன வந்தாலும் போனைத் தொட முடியாது. பன்னிரண்டு வயதுப் பையன், வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன், அம்மாவிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்காரும்போதுதான் பரீட்சையில் எந்தக் கேள்வியை விட்டேன் என்று சொல்கிறான். அவன் முகத்தை நாம் பார்க்கவில்லை என்பதே அவனுக்கு ஒரு தைரியம் போல.

ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்ற பழைய கணக்கை இப்போது எல்லாரும் சனிக்கே மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை எங்கே நேரம்? பாதகங்களும் உண்டு. சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், பிசுக்குத் துண்டுகளைத் தனியாக அலச வேண்டும். முக்கியமாக, பாத்ரூம் தரை வழுக்கும். வயதானவர்கள் உள்ளே போகும் முன்னால் தரையில் சீயக்காய்ப் பொடியைத் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். குளித்ததும் பூண்டு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் போதும். அந்த வேளைக்கு அதற்கு மேல் சமையல் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

வாரயிறுதி ஓய்வு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். விடிந்ததும் கறிக்கடையில் வரிசை, வந்ததும் கழுவுவது, மசாலா அரைப்பது, குழம்பு, சுக்கா, கூடவே ஒரு ரசம். அந்த ருசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கறி வாங்கி வந்தவர் பேப்பரை விரித்து உட்கார, மற்றதெல்லாம் ஒருவர் தலையில் என்றால் அதற்கு ஓய்வு நாள் என்று பெயர் வேண்டாம்.

பிரியாணி பார்சல் என்றால் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம். ஞாயிறு மதியம் ஆர்டர் தாமதமாகும், நாலு பேருக்குச் செலவும் கை கடிக்கும், சாப்பிட்டதும் வீடே மந்தமாகிவிடும். இரண்டு நாளில் ஒரு வேளைக்குச் சரி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. சனி இரவு புழுங்கலரிசிச் சோறு கொஞ்சம் கூடுதலாக வடித்து, ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டால் ஞாயிறு காலைச் சமையலே இல்லை. உப்பு, மோர், சின்ன வெங்காயம், பொரித்த மோர் மிளகாய். பழைய சோறு இறங்காத பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை அரைத்த மாவில் தோசை, அதை அப்பா ஊற்றலாம். மதியம் கறி வேண்டும் என்றால் குழம்பு ஒன்று மட்டும். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் சுலபமாக வரும், எட்டு வயதுக் குழந்தைகூட உரிக்கும்.

படமா, கேரமா?

களைத்துப்போன சனி இரவுக்குப் படம்தான். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், தாத்தா பாதியில் தூங்கினாலும் குறையில்லை. சீரிஸ் மட்டும் வேண்டாம். படத்துக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறது. சீரிஸ் அடுத்த எபிசோடைத் தானே போட்டு ஒரு மணி வரை இழுத்துவிடும். எதைப் பார்ப்பது என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், தேர்வை வாரம் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

ஞாயிறு மாலைக்குக் கேரம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர், பலகை. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கேரமில் முன்னாள் உலகச் சாம்பியன் மரிய இருதயமும், 2024-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமேட்டுப் பெண் காசிமாவும் சென்னைக்காரர்கள்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் இதில் வயது வித்தியாசம் கிடையாது. “பாட்டி, ரெட்டு போட்டாச்சு, ஃபாலோ போடணும்.” “போடுடா கண்ணா, விழலேன்னா ரெட்டை நடுவுல வெச்சிடு.” டிவி முன்னால் இந்தப் பேச்சு வராது. ஒரே குறை, தோற்ற சின்னவளின் அழுகை. அவளைப் பெரியவர் ஒருவருக்கு ஜோடியாகப் போட்டால் பாதி அழுகை குறையும்.

ஸ்கூல் யூனிஃபார்ம் இஸ்திரி, பை அடுக்குவது, திங்கள் காலைக் காய் நறுக்குவது எல்லாவற்றையும் சனி மாலையே முடித்துவிடுவது நல்லது. ஞாயிறுக்குத் தள்ளினால் மதியம் மூன்று மணிக்கே வீட்டுக்குள் திங்கள்கிழமை வந்துவிடும். சனி மாலை அந்த வேலையை நான்கு பேரும் பிரித்துக்கொண்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.