மஸ்டாங் பேனட்டுக்குள் எந்தக் கறுப்பு?

டர்பனில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு, பேனட்டைத் திறந்தால் உள்ளே முகம் தெரியவேண்டும். பார்க்க அழகுதான். ஆனால் தொழிற்சாலையில் அப்படி அடிக்கவில்லை. 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கில் வெளி நிறம் எதுவானாலும் எஞ்சின் அறைச் சுவர்கள் அரைப் பளபளப்புக் கறுப்பு. எஞ்சின் மட்டும் 1966 முதல் நீலம். இந்தக் கறுப்பு மோகத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் உள்ளே கறுப்படிப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் ஆய்ட்டன்ஹேக் ஆலையில் செய்த பீட்டிலுக்கு உள்ளேயும் வெளி நிறம்தான், விட்டுவிடுங்கள்.

சரி, கறுப்பை எதால் அடிப்பது?

கேன் ஸ்பிரே மலிவு, வீட்டு முற்றத்திலேயே வேலை முடியும். மெல்லிய பூச்சு என்பதால் பழைய தோற்றமும் ஓரளவு வரும். ஆனால் சாதாரணக் கேன் பெயின்ட் பெட்ரோல் பட்டால் கரையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் சொட்டாமல் இருக்குமா?

பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சுட்டு ஒட்டவைக்கும் பூச்சு, பேட்டரி தட்டு, பிராக்கெட் போன்ற கழற்றக்கூடியவற்றுக்குச் சரி. 200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட வேண்டிய பூச்சு, முழு பாடிக்கு ஒத்துவராது. தடிமனும் அதிகம், மஸ்டாங்கின் சேஸி எண் எஞ்சின் அறையின் உள்தகட்டில்தான் குத்தப்பட்டிருக்கிறது, அது மூடிப்போனால் பதிவு நேரத்தில் தலைவலி.

என் ஓட்டு, பளபளப்பைக் குறைக்கும் மேட் பொடி கலந்த ஒற்றை அடுக்கு டூகே (2K) பெயின்ட்டுக்கு, அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பெயின்ட்டுக்கு. பெட்ரோல், எண்ணெய், கடற்காற்று எல்லாவற்றையும் தாங்கும். மேலே கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு வேண்டாம். அந்தக் காலத்து ஃபோர்டில் அது கிடையாது, அடித்தால் கறுப்புக்கு ஒரு பொய்யான ஆழம் வந்துவிடும். தொல்லை பளபளப்பைப் பிடிப்பதில்தான். மேட் பொடி டின் அடியில் தங்கும், நன்றாகக் கலக்காவிட்டால் முதல் கோட் மினுங்கும், கடைசிக் கோட் சாம்பல் பூக்கும். கனமாக அடித்தாலும் மினுமினுப்பு ஏறும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் மெதுவாகக் காயும் தின்னரே நல்லது. துண்டுத் தகட்டில் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். பின்னால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மஸ்டாங் செய்த டியர்பார்ன், சான் ஹோசே, மெடச்சன் ஆலைகளின் கறுப்பே ஒன்றுபோல் இருந்ததில்லை, அதனால் நூலளவு வித்தியாசத்துக்குச் சண்டை வேண்டாம்.

அப்புறம், டூகே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆபத்து. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் பெயின்ட் கடைக்காரரிடமே வேலையை விடுங்கள். அவரிடம் ‘பளபளப்பு வேண்டாம்’ என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.