ஸ்கார்பரோ பின்வளவில் பறவைத் தீனி: சில குளிர்கால அனுபவங்கள்

பேர்ட் ஃபீடர் எனும் பறவைத் தீனிக் கூண்டு வரும் பெட்டியில் சிவப்புக் கார்டினல் பறவையும் குட்டிச் சிக்கடிப் பறவையும் படமாக இருக்கும். வரத்தான் செய்யும், பொய்யில்லை. ஆனால் கனடாவில், டொரன்டோவின் இந்த ஸ்கார்பரோவில் முதலில் இறங்குவது சிட்டுக்குருவிக் கூட்டம், பின்னாலேயே மைனாக் குடும்பத்து ஸ்டார்லிங். ஊரில் சிட்டுக்குருவியைக் காணோம் என்று புலம்பிவிட்டு, இங்கே அதை விரட்ட வழி தேடுகிறோம்.

பல குளிர்காலம் தீனி வைத்துப் பார்த்ததில், தொல்லையில் பாதி நாம் வாங்கும் பையிலேயே இருக்கிறது என்பேன். மலிவான கலவையில் சிவப்புச் சோளம்தான் அதிகம். குருவி பனிவரகைப் பொறுக்கிக்கொண்டு சோளத்தை அலகால் தட்டித் தட்டிக் கீழே தள்ளும். அது பனிக்குள் புதைந்து, மார்ச்சில் உருகும்போது ஊறிய தவிடு மாதிரி நாறும். எலியும் வரும். இப்போது கருப்புச் சூரியகாந்தியோடு சாஃப்ளவர் எனும் குசும்பா விதைதான் போடுகிறேன். அதன் கெட்டி ஓட்டை உடைக்க ஸ்டார்லிங் அலகுக்குத் தெம்பில்லை. அணிலுக்கும் பெரிதாகப் பிடிப்பதில்லை. கார்டினல் நிதானமாக உடைத்துத் தின்னும்.

அடுத்தது கொழுப்புக் கட்டி. மாட்டுக்கொழுப்பு என்று தெரிந்ததும் அம்மா அந்தப் பக்கமே போவதில்லை, அது வேறு கதை. சாதாரணக் கூண்டில் வைத்தால் ஸ்டார்லிங் கூட்டம் சண்டை போட்டு ஒரே நாளில் முடித்துவிடும். அடிப்பக்கம் மட்டும் திறந்த கூண்டு வாங்குங்கள். டவுனி மரங்கொத்தி தலைகீழாகத் தொங்கிக் கொத்தும்; ஸ்டார்லிங்குக்கு அப்படித் தொங்கி நிற்பது பெரும்பாடு. பட்டினி கிடந்தால் அதுவும் எக்கி எக்கிக் கொஞ்சம் தின்னும், ஆனால் கட்டி வாரக்கணக்கில் நிற்கிறது.

காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள். ஜனவரியில் சோறு கல்லாகிவிடும், ராத்திரி எலி வந்து கொறிக்கும்.

சிக்கடியால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு விதையைக் கவ்வியதும் பறந்துவிடும். பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்துப் பிறகு தேடி எடுக்கும். உறைபனி இரவில் உடல் சூட்டையே பத்து டிகிரிக்கு மேல் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிற உயிர்.

குருவிகள் திடீரென்று அடங்கிப்போனால் கூப்பர் வல்லூறு வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பனிமேல் இறகு கிடந்தால் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஃபீடரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். எச்சத்திலிருந்து சால்மொனெல்லா பரவும். கையுறை அவசியம், சமையலறை சிங்க் வேண்டாம்.