ஸ்கேனருக்குப் புது ஆன்டெனா வேண்டுமா? யானைமலை அடிவாரத்தில் மூன்று வருட அனுபவம்

பல அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் ரேடியோவான கையடக்க ஸ்கேனர் கைக்கு வந்த முதல் மாதமே எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். கூடவே வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்றை மாட்டவேண்டும். எனக்கும் வந்தது. மூன்று வருடமாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் இந்த மாதிரி ரேடியோவை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது. நான் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோவுக்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகுதான் இன்னொரு ஹாம் நண்பரிடமிருந்து இந்த செட்டை வாங்கினேன். 12 வயது நிரம்பிய யாரும் அந்தத் தேர்வை எழுதலாம். நான் கேட்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஹாம் அலைவரிசை. அதில் 145.800ல் சர்வதேச விண்வெளி நிலையமும் வரும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த அலைவரிசைக்கானவை.

ரப்பர் ஆன்டெனா ஏன் மந்தமாக இருக்கிறது? 7500ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், ஆன்டெனாவுக்கு ஏற்ற நீளமான கால் அலைநீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 145க்கு ஏறக்குறைய 52. கம்பியில் நாலைந்து சதவீதம் குறைத்து 49 வைக்கலாம். ரப்பர் ஆன்டெனா அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான், உள்ளே கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். இன்னொரு குறை பலருக்குத் தெரிவதில்லை. ஆன்டெனாவுக்கு மறுபாதி என்று ஒன்று வேண்டும். கையடக்க செட்டில் அந்த மறுபாதி சின்ன உலோகச் சட்டமும் அதைப் பிடித்திருக்கும் நம் கையும்தான். செட்டை மேசையில் வைத்தவுடன் சத்தம் தேய்ந்துபோவது இதனால்தான்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் உண்டு. வீட்டில் கிடந்த ஒயர் ஒன்றை 49 சென்டிமீட்டருக்கு வெட்டி, நுனியை உரித்து, ஆன்டெனா மாட்டும் பிஎன்சி இணைப்பின் வெளிப்பக்க உலோகத்தில் சுற்றிவிட்டேன். வால் மாதிரி கீழே தொங்கும். அதுவரை இரைச்சலில் பாதி மூழ்கி வந்த மேலூர்ப் பக்கத்து நண்பரின் குரல் முழு வாக்கியமாகக் கேட்டது. புது ஆன்டெனா வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த வாலைக் கட்டிப் பாருங்கள்.

அப்புறம் இழுத்து நீட்டும் கம்பி ஆன்டெனா வாங்கினேன். கேட்பதில் நல்ல முன்னேற்றம், சந்தேகமே இல்லை. அலைவரிசைக்கேற்ப நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பஸ்ஸில் பைக்குள் வைத்துக்கொண்டு போனதில் இணைப்பின் அடிப்பாகம் ஆட ஆரம்பித்துவிட்டது. நீளக் கம்பியின் பாரம் முழுவதும் அந்தச் சின்ன வளையத்தில்தான் இறங்குகிறது. வெளியே எடுத்துப்போக அது சரிப்படாது.

இவ்வளவு செய்தும் கொடைக்கானல் பக்கத்து மலைகளிலிருந்து பேசும் நண்பர்கள் மட்டும் எனக்குக் கேட்கவே இல்லை. என் வீடு மதுரையில் ஒத்தக்கடை தாண்டி, வேளாண்மைக் கல்லூரிப் பக்கம். கொடைக்கானல் இங்கிருந்து மேற்கும் வடமேற்குமான திசை. நடுவில் யானைமலை என்ற பெரும்பாறை முழுசாகப் படுத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டை எடுத்துக்கொண்டு, மதுரையின் மறுபக்கம் இருக்கும் திருநகரில் தம்பி வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மாட்டியிருந்தது அதே பழைய ரப்பர் ஆன்டெனா. வாலைக்கூடக் கட்டவில்லை. வீட்டில் நீளக் கம்பிக்கும் எட்டாத குரல்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல வந்தன. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், மதுரையிலிருந்து ஆகாய வழியில் 80 கிலோமீட்டருக்குள். நடுவில் எதுவும் மறைக்காவிட்டால் இந்த அலைகளுக்கு அது ஒரு தூரமே இல்லை. பாறை மறைத்தால் எந்த ஆன்டெனாவாலும் அதை மீற முடியாது. பணத்தை எடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மலையை நகர்த்த முடியாது, சரி. ஆன்டெனாவை மேலே ஏற்றலாமே என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பிவிசி குழாய் நட்டு, தலா 49 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பிகளைப் படுக்கைவாக்கில், 120 டிகிரி விரித்து மாட்டினேன். கேபிள் டிவி போடும் இளைஞர் ஒருவர் ஆர்ஜி-6 கேபிளில் ஒரு துண்டு கொடுத்தார். "மிச்சத் துண்டுதாண்ணே, வச்சுக்கங்க." அதன் மின்மறுப்பு 75 ஓம், செட்டுக்கு 50 ஓம், பொருந்தாது என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் சிக்னல் பலத்தில் போவது கால் டெசிபலுக்கும் குறைவு. 50 ஓம் ஆர்ஜி-58 கேபிளோ 10 மீட்டருக்கே சுமார் 2 டெசிபலைத் தின்றுவிடும். கேட்பதற்கு மட்டும் என்றால் ஆர்ஜி-6 தாராளமாகப் போதும்.

விண்வெளி நிலையம் படம் அனுப்பும் நாட்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே. ஒரு சாயங்காலம் மகளோடு மாடியில் உட்கார்ந்திருந்தேன். நிலையம் மேற்கிலிருந்து வந்தால் யானைமலையின் முதுகைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கேட்கும். அது வேகமாக நகர்வதால் அலைவரிசையும் கொஞ்சம் நகரும்; நெருங்கி வரும்போது 145.805, தலைக்கு மேல் 145.800, விலகும்போது 145.795 என்று மாற்றவேண்டும். படம் ஒலியாகத்தான் வரும்; அதைப் படமாக்கும் செயலியோடு செட்டின் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்திருந்தோம். கீச் கீச்சென்ற ஒலி வர வர, திரையில் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படம் இறங்கியது. ஒரு படம் முழுதாக இறங்க 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். "அப்பா, இது நிஜமாவே மேல இருந்து வருதா?" என்று கேட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். கடைசி இரண்டு விரற்கடை மட்டும் இரைச்சலில் கலைந்தது. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

ரப்பர் ஆன்டெனாவில் இதை முயல்பவர்கள், நிலையம் தலைக்கு மேல் வரும்போது செட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்ந்த கம்பிக்குத் தன் நுனி பார்க்கும் திசையில்தான் காது மந்தம்.

பெரிய ஆன்டெனாவுக்குப் பெரிய தொல்லையும் உண்டு. மாடிக் கம்பியை மாட்டிய முதல் நாள் ஹாம் அலைவரிசையில் சினிமாப் பாட்டு கேட்டது. 98.3, 106.4 என்று நகருக்குள் பலமாக ஒலிக்கும் எஃப்எம் நிலையங்கள் கையடக்க செட்டில் சிக்னலை முதலில் வாங்கும் பகுதியைத் திணறடித்துவிடுகின்றன. எஃப்எம்முக்கான 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் சின்ன ஃபில்டர் ஒன்றை நடுவில் போட்ட பிறகுதான் அமைதி. மாடிப்படி எல்இடி பல்பு ஒன்றும் இரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றினேன்.

மழை விஷயத்திலும் கவனம் வேண்டும். இணைப்பில் சாதாரண இன்சுலேஷன் டேப்தான் சுற்றியிருந்தேன். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு சிக்னல் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் நடுக்கம்பி கறுத்து, வெளி வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இப்போது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போட்டு, இணைப்புக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

போன மாதம் ஒரு நண்பர் டிஸ்கோன் ஆன்டெனா தருகிறேன், வாங்கிக்கொள் என்றார். பல அலைவரிசைகளைத் துழாவுபவருக்கு அது நல்ல பொருள். நான் கேட்பது ஒரே அலைவரிசை, அதற்கு என் இரண்டு கம்பிகளே போதும். டிஸ்கோன் வந்தால் எஃப்எம் தொல்லையும் கூடவே வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே போகும்போது ரப்பர் ஆன்டெனாவும் வாலும், வீட்டில் மாடிக் கம்பி. இடி இறங்கும் மாலைகளில் மட்டும் கேபிளை செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன்.