சார்ஜ் ஏறாத அம்பாசிடர்: டைனமோவா, பழைய ஆல்டர்னேட்டரா, பெரிய ஆல்டர்னேட்டரா?

பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர் "சார்ஜ் சரியா ஏறலை" என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். டைனமோவில் (பழைய கார்களில் சார்ஜ் தரும் கருவி) கை வைக்காதே, கட்-அவுட்டை (டைனமோவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மட்டும் மாற்று என்பார் ஒருவர். இருக்கிற ஆல்டர்னேட்டரை (டைனமோவுக்குப் பின் வந்த சார்ஜ் கருவி) நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடு என்பார் இன்னொருவர். சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையில் ஒரு மாருதி ஆல்டர்னேட்டரை எடுத்து, பிராக்கெட் அடித்து மாட்டு, தொல்லை விட்டது என்பார் மற்றொருவர். மூன்றிலும் கார் ஓடும். ஆனால் காசைக் கொடுக்குமுன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: கோளாறு எங்கே, உங்கள் கார் எவ்வளவு கரண்ட் தின்கிறது.

முதல் கேள்விக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முதலில் வெளியே வைத்து சார்ஜ் ஏற்றிவிட்டு அப்புறம் சோதியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு சற்று ரேஸ் கொடுத்தால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டாலும் 13-க்குக் கீழே இறங்கக்கூடாது. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும் அதனால்தான்.

13-க்குக் கீழே நிற்கிறதா? ஆல்டர்னேட்டரைக் கழற்ற இன்னும் நேரம் வரவில்லை. லைட்டெல்லாம் போட்டு இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும், மற்றொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ ஒரு லக் (ஒயர் நுனி இணைப்பு) பச்சை பூத்திருக்கிறது, அல்லது ஒயர் உள்ளுக்குள் அறுந்து நாலைந்து இழையில் தொங்குகிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். நாற்பது வருட காரில் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை பெயருக்குத்தான் இருக்கும். பெல்ட்டையும் விடாதீர்கள்: நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு ஏமாற்றுக்காரர் டேஷ்போர்டு சிவப்பு விளக்கு. லூகாஸ் (கார் மின்சாதனங்கள் செய்த பிரிட்டிஷ் நிறுவனம்) வகை ஆல்டர்னேட்டர்கள் சார்ஜைத் தொடங்க வேண்டிய முதல் கரண்ட் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ, லூகாஸ் முறையில் பழுப்பில் மஞ்சள் கோடு போட்ட அந்தச் சின்ன ஒயர் கழன்றாலோ, நல்ல ஆல்டர்னேட்டரும் தூங்கும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது காசில்லாத சோதனை. இன்ஜின் ஓடும்போதும் மங்கலாக மினுங்கினால், ஆல்டர்னேட்டருக்குள் மாறுமின்னோட்டத்தை (ஏ.சி.) நேர்மின்னோட்டமாக்கும் டயோடு மேல் சந்தேகப்படலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரி முனையில் 0.5-க்கு மேல் காட்டினால் சந்தேகம் உறுதி.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பல ஷெட்டுகளில் இன்னமும் உண்டு. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி டயோடோ ரெகுலேட்டரோ போய்விடும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு யாராவது பேட்டரிப் பக்கம் வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

சரி, இனி மூன்று வழிகள்.

டைனமோவோடு இருப்பது

லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர். கணக்குப் போடுங்கள்: 60/55 வாட் ஹாலஜன் டிம்மில் சுமார் 8, பார்க்கிங், டெயில், மீட்டர் விளக்குகள் 2 அல்லது 3, இக்னிஷன் காயில் 3 அல்லது 4, வைப்பர் 3. மொத்தம் 17 வாக்கில். ஹைவேயில் தாராளமாகத் தாங்கும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போதுதான் ஒன்றும் தராது. அந்த வேகத்தில் கட்-அவுட் பாயிண்டே ஒட்டாது. ஆகவே சென்னை மாலை நேர டிராஃபிக்கில் மழையும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது டைனமோவின் சுபாவம், கோளாறாக எண்ணி ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம்.

உண்மையான கோளாறைப் பிரிப்பதில் டைனமோ எளிது. டி (கரண்ட் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) இரண்டு ஒயரையும் கழற்றி, டைனமோவில் உள்ள அந்த இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, எர்த்துக்கு நடுவே மீட்டர் வையுங்கள். மெதுவாக ரேஸ் கொடுத்தால் வோல்ட் விறுவிறு என்று ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடாதீர்கள். ஏறினால் டைனமோ நல்லது, கட்-அவுட் பெட்டியைப் பாருங்கள். அரை அல்லது ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில். 4, 5 வோல்ட்டில் திணறினால் ஆர்மேச்சர். ஒன்றுமே இல்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்கும் கார், கண்காட்சிக்குப் போகும் கார் என்றால் என் ஓட்டு இதற்கே. பின்பக்க புஷ்ஷுக்கென ஒரு எண்ணெய்த் துளை உண்டு. சர்வீஸின்போது ரெண்டு சொட்டு விட எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இருக்கிற ஆல்டர்னேட்டரைச் சரிசெய்வது

காரில் ஏற்கெனவே ஆல்டர்னேட்டர் இருந்தால் முதல் தேர்வு இது. லூகாஸ் 17ஏசிஆர் வகையை எடுத்துக்கொண்டால் 36 ஆம்பியர், ஐடிலிலும் ஓரளவு தரும். பின்மூடியைக் கழற்றினால் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பிளேட் மூன்றும் கண்ணெதிரே. பிரஷ் கூட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக வெளியே நீட்டினால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் நடுவே 3, 4 ஓம் காட்டினால் ரோட்டார் (உள்ளே சுழலும் பாகம்) நலம். கை வைத்துச் சுற்றும்போது கரகர என்றால் பேரிங். பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றோடு வேலை முடிந்துவிடும்.

கடையில் "இதைக் கொடுத்துவிட்டு ரெடியா இருக்கிறதை எடுத்துக்கொண்டு போங்க" என்பார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் அந்த உடம்புக்குள் பேரிங் புதிதா, பிரஷ்ஷை மட்டும் மாற்றினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுடையதைக் கண்முன்னே பிரித்து, பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தால், அரை நாள் காத்திருப்பது மேல்.

பெரியதாக மாற்றுவது

ஏ.சி. போட்டவர்களுக்கு இது ஆடம்பரமில்லை. புளோயரும் கண்டென்சர் ஃபேனும் சேர்ந்து 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். முன்னே கணக்குப் போட்ட 17 ஆம்பியரோடு கூட்டினால் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் விளிம்பில் நிற்கும். 45 முதல் 65 வரை உள்ள நவீன ஆல்டர்னேட்டர் அங்கே நிம்மதி. ஏ.சி. இல்லாத காருக்கு 65 எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

செலவு ஆல்டர்னேட்டரோடு முடிவதுமில்லை. பல வரி பெல்ட்டுக்கான புல்லியை எடுத்துவிட்டு வி-பெல்ட் புல்லி போட வேண்டும். அதுவும் அம்பாசிடரின் புல்லியோடு நேர்க்கோட்டில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாகத் தின்னப்படும். 22 ஆம்பியருக்காகப் போட்ட ஒயர் 65-ஐத் தாங்காது. 10 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக பேட்டரிக்கு இழுத்து, வழியில் ஒரு பெரிய ஃபியூஸ் வையுங்கள். டேஷ்போர்டில் 30 வரை காட்டும் அம்மீட்டர் இருந்தால் அதை விலக்கிவிட்டு வோல்ட்மீட்டர் போடுங்கள். இறங்கிப்போன பேட்டரிக்கு இவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் கொட்டுகிற கரண்ட் முழுக்க அந்த மீட்டர் வழியாகப் போனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் புகைதான்.

டைனமோவிலிருந்து நேரடியாகத் தாவுபவர்கள் எர்த் எந்தப் பக்கம், அதாவது பேட்டரியின் பாசிட்டிவா நெகட்டிவா கார் உடம்போடு இணைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் அம்பாசிடரைப் போலவே பி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967-ல் ஆல்டர்னேட்டருக்கு மாறியபோது, பாசிட்டிவ் எர்த்தை விட்டு நெகட்டிவ் எர்த்துக்கும் சேர்த்தே மாறியது. பாசிட்டிவ் எர்த் காரில் பேட்டரியைத் திருப்புவதோடு காயில், அம்மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றி, ரேடியோவையும் கவனிக்க வேண்டும். தலைகீழாக ஒரு கணம் தொட்டாலும் டயோடுகள் காலி.

டீசல் அம்பாசிடர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல டீசல் இன்ஜின்களில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கும் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டியதும் சார்ஜ் அழகாக ஏறும், பிரேக் பெடல் மட்டும் மரக்கட்டை மாதிரி நிற்கும். காசு கொடுக்குமுன் பழையதன் பின்பக்கத்தில் ரப்பர் குழாய் ஏதும் போகிறதா என்று குனிந்து பாருங்கள்.