பிளஸ் டூ வருஷத்தில் தினம் ஒரு படம்: போனா, பழைய டி.எஸ்.எல்.ஆரா?

பொதுத்தேர்வு நெருங்குகிறது, ஆனாலும் தினம் ஒரு படம் எடுக்கும் பழக்கத்தை விட மனசில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: போனிலேயே எடுப்பதா, பழைய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்குவதா?

செலவு
போன்: வீட்டில் இருப்பதே போதும்.
கேமரா: கேனான் 1500டி மாதிரி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் மெமரி கார்டு, பை என்று செலவு நீளும். ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்; பூஞ்சை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

வசதி
போன்: டியூஷன் போகும் வழியில் பத்து விநாடி வேலை.
கேமரா: லென்ஸ் இல்லாமலே 475 கிராம். புத்தகப்பையோடு தினம் யார் சுமப்பது?

வெளிச்சம்
காலை வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விளக்கு வைத்த பிறகுதான் தெரியும். போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும். பூக்கட்டும் பாட்டியின் விரல்கள் அசைந்தால் குழம்பிவிடும். 1500டி-யின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 22.3 x 14.9 மி.மீ., போனுடையதைவிடப் பல மடங்கு பெரியது. நிறைய ஒளியை உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் அந்த விரல்களைத் தெளிவாகப் பிடிக்கலாம்.

கற்றல்
போன்: பெரும்பாலானவற்றில் அப்பெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) மாறாது. சட்டகம் அமைக்கப் பழகலாம்.
கேமரா: அப்பெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றும் கைக்குப் பழகும்.

தேர்வு முடியும்வரை போன்தான் என்பேன், தயக்கமே இல்லை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல் படிப்பு) சேர நினைப்பவர் மட்டும் தேர்வு முடிந்த கையோடு கேமரா தேடலாம். கல்லூரி திறக்கும்வரை பழக நாள் இருக்கிறது.